ரங்கூன் விமானத்துக்கு நான் சொன்ன ஆறரை மணி

நான் பழவேற்காட்டில் வாத்தியாராக இருந்தது ஐம்பதுகளின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும். எந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் என் நாட்குறிப்புகளில் இருக்கிறது. இங்கே எழுதப்போகும் வெள்ளிக்கிழமையின் தேதியும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தார் இன்னும் அங்கேயே இருப்பதால் அதை எழுதாமல் விடுகிறேன். ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம் என்பது போதும்.

எனக்குச் சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி. ரயில் சத்தத்தை வைத்து மணி சொல்லும் வீட்டில் வளர்ந்தவன். பழவேற்காட்டில் ரயில் கிடையாது. பொன்னேரியிலிருந்து பஸ்ஸிலோ குதிரை வண்டியிலோ பதினோரு மைல் வரவேண்டும். அதனால் ரயிலுக்குப் பதிலாக மற்றதையெல்லாம் குறிக்கத் தொடங்கினேன். ஏரியின் நீர்மட்டம், முதல் மழை, கால்வாயில் வரும் படகுகள், பத்திரிகையில் வெளியாகும் கப்பல் வருகை. சென்னைக்கு ரங்கூன் கப்பல் வரும் நாளைக் கணக்குப் பார்த்துச் சொல்வேன்; இரண்டு மூன்று தடவை அது சரியாக இருந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் எனக்கு 'டைம்டேபிள் வாத்தியார்' என்று பெயர். கிண்டல்தான். எனக்கோ அதில் ரகசியமான பெருமை.

அங்கே முஸ்லிம் வியாபாரக் குடும்பங்களில் பாதிக்கு ரங்கூன் சம்பந்தம் உண்டு. நான் குடியிருந்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்து, யுத்தத்தின்போது கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர். யுத்தம் முடிந்ததும் ஒரே மகன் திரும்பிப் போய் அந்தக் கடையை மறுபடி எழுப்பினான். போனவன் போனவன்தான். கடிதம் வரும், துணி வரும், ஆள் வரவில்லை. பெரியவர் என்னிடம் பத்திரிகை வாங்கிப் படிப்பார். பர்மாவைப் பற்றிய செய்தி இருந்தால் அதை மட்டும் மடித்துத் திருப்பித் தருவார், நான் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும் என்று.

அந்த ஐப்பசியில் பெரியவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. செவ்வாய்க்கிழமை ரங்கூனுக்குத் தந்தி கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதில் வந்தது. படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். 'வெள்ளி காலை ஏழு மணி விமானத்தில் புறப்படுகிறேன்' என்று இருந்தது. பெரியவரின் காதருகே அவர் மனைவி அதை இரண்டு தடவை சொன்னார். அவர் இடக்கையைத் தூக்கித் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். மகன் தன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அதற்கு அர்த்தம். முந்தின நாளிலிருந்தே அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தாராம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் அவர் காலமானார்.

அவர்கள் வழக்கத்தில் மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, வைத்திருப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் அடக்கம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். வெள்ளிக்கிழமையில் மௌத்தானது பாக்கியம் என்றும், பகல் ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்தால் எல்லாரும் சேர்ந்து அவருக்காகத் துஆ கேட்கலாம் என்றும் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஏரிக்கு அக்கரையிலிருந்தும் சுற்றுக் குப்பங்களிலிருந்தும் படகு பிடித்து ஜும்மாவுக்கு வருவார்கள். பள்ளிவாசல் நிறைந்து வாசல்வரை பாய் போடவேண்டியிருக்கும். ஜமாஅத்தின் தலைவரான முத்தவல்லி அதையே முடிவாகச் சொன்னார். ஏழரை மணிக்கெல்லாம் குழிக்கு இடம் பார்க்க ஆள் போய்விட்டது.

அப்போதுதான் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பெரியவரின் மனைவி பேசினார்.

"எம் மவன் பிளேன்ல வந்துக்கினு இருக்கான். மொகத்தைப் பாக்கணும்னு இவரு ரெண்டு நாளாக் கையால காட்டிக்கினே இருந்தாரு. அவன் வர்ற வரைக்கும் வைங்க."

முத்தவல்லி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார். "எப்ப வருவான்னு தெரிஞ்சா வைக்கலாம் தங்கச்சி. தெரியாம வச்சுக்கினு இருந்தா மையத்துக்குத்தானே கஷ்டம்? அஸர் வரைக்கும்னா நான் ஒத்துக்கிறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதே. பொழுது விழுற நேரத்துல அடக்கம் பண்றது இல்ல. ராத்திரியும் வைக்க முடியாது."

அஸர் என்பது பிற்பகல் தொழுகை. அந்த மாதத்தில் மூன்றரை மணி.

"வாத்தியாரைக் கேளுங்க" என்றார் அந்த அம்மாள். "அவரு கணக்குப் போட்டுச் சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குப் போய் அட்லாஸும் நூல்கண்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு வந்தேன். கூடத்துப் பாயில் அட்லாஸை விரித்தேன். வங்காள விரிகுடா இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே நீலமாகக் கிடந்தது. ரங்கூன்மேல் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையைச் சென்னைவரை இழுத்துப் பிடித்தேன்.

பெரியவரின் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டிலும் வாயை அடக்கத் தெரியாத மனிதர். "இன்னா வாத்தியாரே, நூல் வுட்டு அளக்குறீங்க? பிளேனு இன்னா காத்தாடியா?" என்றார்.

"தூரம் தெரிந்தால்தானே நேரம் தெரியும்" என்றேன்.

"கொஞ்சம் தொங்குது பாருங்க. இழுத்துப் புடிங்க. பிளேனு இன்னா மாட்டு வண்டியா, வளைஞ்சு வளைஞ்சு வர்றதுக்கு? நேரா வந்துடும்."

வயதான ஒருவர் அதற்குத் தலையாட்டினார். "ஆமா. ரங்கூன் நமக்கு எதிர்க்கரைதானே. கப்பலே நேராத்தான் வருது."

அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் ரங்கூனுக்குக் கப்பலில் போய் வந்தவர்கள். விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு ரங்கூன் என்பது கடற்கரையில் நின்று கிழக்கே கையைக் காட்டினால் இருக்கும் இடம். அங்கே நான்கு வருஷம் இருந்ததில் எனக்கும் அப்படி ஆகிவிட்டிருந்தது.

நூலின் நீளம் நாலரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அட்லாஸின் அளவுப்படி ஆயிரத்து நூறு மைல். டக்கோட்டா விமானம் மணிக்கு நூற்றெழுபது மைல் போகும் என்று பத்திரிகையில் படித்துக் குறித்துவைத்திருந்தேன். வகுத்தால் ஆறரை மணி நேரம். ரங்கூன் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைக்கூட நான் மறக்கவில்லை. அங்கே காலை ஏழு என்றால் நமக்கு ஆறு. ஆறு மணிக்குக் கிளம்பினால் மீனம்பாக்கத்தில் பன்னிரண்டரை. சுங்கச் சோதனைக்கு அரை மணி. ஒரு மணிக்குக் காரில் ஏறினால் சென்னையைக் கடந்து, செங்குன்றம், பொன்னேரி வழியாக மழைச் சேற்றில் எவ்வளவு மெதுவாக வந்தாலும் மூன்றே காலுக்குள் பழவேற்காடு.

"அஸருக்குக் கால் மணி முன்னால் வந்துவிடுவார்" என்றேன்.

முத்தவல்லி என்னையே பார்த்தார். "நிச்சயமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்கிறது."

"கணக்கு சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்றீங்களா?"

"நானும் அதைத்தான் சொல்கிறேன்."

மருமகன் எழுந்தார். பொன்னேரியில் வாடகைக் கார் பிடித்து நேரே மீனம்பாக்கத்துக்குப் போய் மைத்துனனைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. "பன்னெண்டரைக்கு வரலேன்னா உங்க நூலைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் பொன்னேரிக்குப் போனார்.

ஜும்மாவுக்கு அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். பெரியவர் காலமான செய்தி படகுத்துறைகளுக்கு எட்டியிருந்தது. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள், மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு வரும், தோள் கொடுக்கலாம் என்று தெருவில் நின்றார்கள். அஸருக்குத்தான் அடக்கம் என்று முத்தவல்லி ஆள் விட்டுச் சொன்னார். கொஞ்ச நேரம் நின்றார்கள். இரண்டு மணிக்கு வடக்கே வானம் கறுத்தது. அக்கரைக்காரர்கள் ஏரியைக் கடக்கவேண்டும். காற்று கிளம்பிவிட்டால் படகு போகாது. வீட்டு வாசலுக்கு வந்து, கையை விரித்து துஆ கேட்டுவிட்டு, ஒவ்வொரு கூட்டமாகத் துறைக்குப் போனார்கள். நான் வாசலிலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மையத்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தை மட்டும் மூடவில்லை. கட்டிலுக்குக் கீழே ஈர மணல் பரப்பி, சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தார்கள். மழை வருவதற்கு முந்தின புழுக்கம். இரண்டரை மணிக்கு முகத்தில் மாறுதல் தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவர் தோளில் கிடந்த துண்டால் மூக்கை மூடிக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

மூன்று மணியிலிருந்து நான் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். மூன்றே கால் ஆயிற்று. கார் வரும் பாதையில் ஒரு மாட்டு வண்டி வந்தது, உப்பு ஏற்றிக்கொண்டு. மூன்றரைக்குப் பாங்கு சொன்னார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

"வாத்தியாரய்யா, வந்துட்டானா?"

"இல்லையம்மா. வழியில் சேறு. இன்னும் கொஞ்ச நேரத்தில்..."

முத்தவல்லி என் தோளைத் தொட்டார். "போதும் வாத்தியாரே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முகத்தை மூடினார்கள். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு நின்றவர்கள் முப்பத்தொன்பது பேர். அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதியிருக்கிறேன். கபர்ஸ்தானுக்குச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது தோள் மாற்ற ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். மகன் கொடுத்திருக்கவேண்டிய தோள் என்ற நினைப்போடு நூறு அடி தூரம் தூக்கினேன். நான்கு மணிக்குள் குழியில் இறக்கி, மேலே பலகை வைத்து, மண் தள்ளினார்கள். எல்லாரையும் போல நானும் மூன்று பிடி போட்டேன்.

மண் மேட்டின்மேல் குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தபோது வடக்கே இரைச்சல் கேட்டது. மேகத்துக்குக் கீழே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்மேட்டின் மேலாக, ஒரு விமானம் தெற்கே போயிற்று. தாழ்வாகத்தான் போனது. அந்த நேரத்துக்கு அதே விமானம் போவதை முன்பும் பார்த்திருக்கிறேன். 'கல்கத்தா விமானம், நாலேகால் சுமார்' என்று என் நோட்டில் எத்தனையோ நாள் குறித்திருக்கிறேன். கை தானாகக் கடிகாரத்தை எடுத்தது. மணி நாலு இருபத்திரண்டு. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் கிழக்கே, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஆறு மணிக்குப் பொன்னேரியிலிருந்து சைக்கிளில் ஒரு தந்தி வந்தது. மருமகன் மத்தியானம் மீனம்பாக்கத்தில் விசாரித்துவிட்டு ஒரு மணிக்குக் கொடுத்தது. 'ரங்கூன் நேர் விமானம் கிடையாது. கல்கத்தா வழி. மாலை 4.40. காத்திருக்கவும்.' அதைப் படித்ததும் கூடத்தில் கிடந்த அட்லாஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரங்கூனிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து சென்னை என்று கரையை ஒட்டி நூலை மடித்து மடித்து வைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு மைல் வந்தது. நடுவில் இறங்கி நிற்கும் நேரத்தையும் கூட்டினால் பத்தரை மணி நேரத்துக்கு மேல். பத்தே நிமிஷத்தில் போட்டுமுடித்த கணக்கு. காலையில் என் நோட்டைப் புரட்டியிருந்தால், வானத்தில் விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நானே எழுதிவைத்திருப்பதைப் பார்த்திருப்பேன்.

ஏழரை மணிக்குக் கார் வந்தது. மகனை அன்றுதான் முதலில் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், தந்தையின் அதே தாடை. தெருவில் பெண்களின் அழுகை இல்லாததிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காரை விட்டு இறங்கி நின்றவர், "அடக்கிட்டீங்களா?" என்று முத்தவல்லியைக் கேட்டார். முத்தவல்லி அவரைக் கட்டிக்கொண்டார். மருமகன் என் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் அத்தனை பேசியவர், நூலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

லாந்தரை எடுத்துக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மகன் மேட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

"எத்தினி மணிக்கு வச்சீங்க?" என்றார்.

"நாலு மணிக்கு."

"நாலேகாலுக்கு மேல நான் இங்கதான் இருந்தேன்." கையால் மேலே காட்டினார். "ஜன்னல்லேர்ந்து ஏரி தெரிஞ்சுது. வெளக்குத்தூண் தெரிஞ்சுது. பக்கத்துல குந்திக்கினு இருந்த ஆளுகிட்ட, இதான் எங்க ஊரு, எங்க வாப்பா கீழ இருக்காருன்னு சொன்னேன்."

லாந்தரைப் பிடித்திருந்தவன் நான். அதை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவருக்கு எட்டு நாள்தான் இருக்க முடிந்தது. ரங்கூனுக்குள் திரும்பி நுழைவதற்கான அனுமதிக்குக் கெடு இருந்தது. அது தவறினால் கடையும் போய்விடும், அங்கே இருக்கும் மனைவி மக்களையும் இங்கே வரவழைக்க வழியில்லை. இருந்த எட்டு நாளும் தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஸலாம் வாத்தியாரே" என்று நின்று ஒரு வார்த்தை பேசினார். மன்னிப்புக் கேட்க ஒருதரம் வாயெடுத்தேன். "நீங்க இன்னா பண்ணுவீங்க, நானும்தான் தந்தியில கல்கத்தான்னு ஒரு வார்த்தை போடாம வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அவர் வாழ்நாள் முழுவதும் சுமப்பார் என்று அப்போது நினைத்தேன். சுமந்தாரா, தெரியாது. அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவேயில்லை.

மகன் புறப்பட்டுப் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள்வரை அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது என்பது அவர்கள் முறை. திரைக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்தேன். வீட்டில் வேறு யாரும் பேசும் சத்தம் இல்லை.

"ஒண்ணு கேக்கணும் வாத்தியாரய்யா. மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"அன்னிக்குக் காலம்பர உங்க கணக்கு சரியாயிருந்து, ஏழரை மணிக்குத்தான் வருவான்னு சொல்லியிருந்தீங்கன்னா, வச்சிருந்திருப்பாங்களா?"

அதை நான் எட்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். "இல்லையம்மா. அஸருக்கு மேல் வைக்கமாட்டோம் என்று முத்தவல்லி முதலிலேயே சொல்லிவிட்டார்."

"அப்ப எம் மவன் மொகம் பாக்குறதுக்கு வழியே இல்ல."

"இல்லை."

பிறகு, "அப்ப ஜும்மா முடிஞ்சதும் எடுத்திருப்பாங்க" என்றார்.

"ஆமாம்."

"அத்தினி ஜனமும் அவருக்குத் தொழுதிருக்கும்."

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். மழை வந்துவிட்டது, எப்படியும் போயிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஜும்மா முடிந்தது ஒன்றே முக்காலுக்கு. வானம் கறுத்தது இரண்டு மணிக்கு. அவர்கள் தெருவில் நின்றதை அந்த அம்மாளும் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்திருப்பார்.

"ஆமாம்" என்றேன்.

"வைங்கன்னு சொன்னது நான்" என்றார் அந்த அம்மாள். "அவரு கேட்டதும் கெடைக்கல. கெடைக்க இருந்ததையும் நான் தடுத்துட்டேன்."

"கணக்குச் சொன்னது நானம்மா."

"நீங்க ஊருக்குப் பொறத்தி ஆளு. நீங்க போய்டுவீங்க."

அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை; உள்ளதைச் சொன்னார். உள்ளே அவர் எழுந்து போகும் ஓசை கேட்டது. இன்னும் ஏதாவது கேட்பாரோ என்று சிறிது நேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த ஜூனில் எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றலாயிற்று.